எண்ணூரில் பிறந்த ஆஸ்டினும் எரியாத சிவப்பு விளக்கும்

எண்ணூரில் லாரி செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். கார் செய்தார்கள் என்று சொன்னால் என் பேரன்கூட நம்புவதில்லை. "தாத்தா, அது அசோக் லேலண்ட்" என்று என்னையே திருத்துகிறான்.

அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்ததே 1955-ல்தான். அதற்கு முன்னால் அது அசோக் மோட்டார்ஸ். பஞ்சாபைச் சேர்ந்த ரகுநந்தன் சரண் என்பவர் 1948 செப்டம்பரில் தொடங்கிய கம்பெனி. சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். தம் மகன் அசோக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம். 1949-ல் எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து முதல் ஆஸ்டின் ஏ40 வெளியே வந்தது. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். 1950-லேயே லேலண்ட் ஒப்பந்தமும் போட்டாயிற்று. நாட்டுக்கு அப்போது காரைவிட லாரியும் பஸ்ஸும்தான் தேவை. எண்ணூரில் கார் பூட்டிய காலம் சில வருஷங்களோடு முடிந்துபோனது.

அந்தச் சில வருஷத்து வண்டிகளில் ஒன்று அத்திப்பட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நிற்கிறது. ஏ40 டெவன். 1200 சிசி, உருண்டை முதுகு, பானெட் மேல் பறக்கிற மாதிரி ஒரு 'ஏ' எழுத்து. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பருடையது. அவருடைய அப்பா எண்ணூரில் ஃபிட்டராக இருந்து, தன் கையால் பூட்டிய அதே மாதிரி வண்டி ஒன்றை, ராயபுரத்து டாக்டர் ஒருவரிடமிருந்து 1967-ல் மூன்றாம் கையாக வாங்கினாராம். இதே வண்டியைத்தான் பூட்டினேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சோதிக்க வழியில்லை. யாரும் சோதிக்கவும் விரும்பவில்லை.

போன வருஷம் அந்த வண்டியால் அவர்கள் வீட்டில் ஒரு சண்டை. அதில் என் பங்கும் இருந்தது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை வேண்டும். பழைய வண்டியில் சார்ஜிங் கோளாறு என்றால் பாதி விஷயம் வண்டியின் வயதில்தான் இருக்கும்.

அந்தக் கால வண்டிகளில் பேட்டரியை நிரப்பியது டைனமோ. சைக்கிளில் உரசி ஓடுமே அது இல்லை; தடியாக, உருளையாக, என்ஜின் பக்கத்தில் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது. பர்மிங்ஹாமில் ஜோசப் லூக்காஸ் கம்பெனி செய்தது. சைக்கிள் விளக்கு விற்று வளர்ந்த கம்பெனி அது. பிரிட்டிஷ் கார்களில் விளக்கு, செல்ஃப், ஹாரன், டைனமோ என்று மின்சாரம் ஓடுகிற இடமெல்லாம் லூக்காஸ் பெயர் இருக்கும். கோளாறும் அடிக்கடி வரும் என்பதால் வெள்ளைக்காரர்களே அவருக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டம் கொடுத்துக் கிண்டல் செய்வார்கள். எனக்கென்னவோ அது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. எழுபது வருஷம் கழித்தும் பழுது பார்க்க முடிகிற ஒரு பொருளை இப்படிக் கிண்டல் செய்யலாமா?

டைனமோவின் அழகு அதன் ஞாபகம். 1866-67-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸும், கிட்டத்தட்ட அதே சமயத்தில் இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் கண்டுகொண்டது இது: ஜெனரேட்டருக்கு வெளியிலிருந்து காந்தம் கொடுக்க வேண்டியதில்லை. நேற்று ஓடியபோது காந்தமாக இருந்த இரும்பு, நிறுத்திய பிறகும் துளி காந்தத்தை வைத்துக்கொண்டிருக்கும். மறுநாள் சுற்றினால் அந்தத் துளி ஒரு துளி கரெண்டைத் தரும். அந்தக் கரெண்ட் காந்தத்தைப் பெருக்கும், காந்தம் கரெண்டைப் பெருக்கும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் டைனமோ தானாக எழுந்துவிடும்.

அதன் குறை, மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் தராது. மொத்தக் கரெண்டும் காமுட்டேட்டர் வழியாக, கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதை ரொம்ப வேகமாகச் சுற்றவும் முடியாது, பெரிய கரெண்டை எடுக்கவும் முடியாது. முழுசாக ஓடினால் சுமார் 20 ஆம்பியர். ஐட்லிங்கில் வோல்டேஜ் விழுந்து, பேட்டரி திரும்ப டைனமோவுக்குள்ளேயே வடிய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க ஒரு பெட்டி. ஆர்.பி.106 என்பது அந்தக் காலத்தில் பெயர் போன மாடல். உள்ளே இரண்டு காயில். ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்தும், இன்னொன்று தேவையில்லாதபோது பேட்டரியைப் பிரித்துவிடும். நம் மெக்கானிக்குகள் முழுப் பெட்டிக்குமே 'கட்-அவுட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து டிரைவர்கள் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து 'வ்ரூம்' என்று ஏற்றுவார்கள். சிக்னலில் நின்றாலும் அப்படித்தான். பந்தா என்று நாம் நினைத்தோம். அது டைனமோவை எழுப்புவது. இந்த மிதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு விசேஷம் பாசிட்டிவ் எர்த். இன்று எந்தக் காரைத் திறந்தாலும் பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் இருக்கும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ் பாடியில் இருக்கும். பேட்டரி முனைகளில் அரிப்பு குறையும், ஸ்பார்க் பிளக்கில் பொறி சுலபமாகக் குதிக்கும் என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவிலும் ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்தில் ஓடிவிட்டு, 1956-ல் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அறுபதுகளின் பிற்பாதியில்தான் மாறினார்கள். அந்த இடைக்காலத்தில் இங்கே எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வியே "எர்த் பிளஸ்ஸா, மைனஸ்ஸா?" என்பதுதான்.

மாற்றத்துக்குக் காரணம் சிலிக்கான் டயோடு. ஆல்டர்னேட்டர் என்ற யோசனை புதிதல்ல. பவர் ஹவுஸ்களில் இருப்பதெல்லாம் அதுதான். ஆனால் அது தருவது ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி. அதை மாற்ற, காருக்குள் அடங்குகிற, சூடு தாங்குகிற, மலிவான ஒரு பொருள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960-ல் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை எல்லா வண்டிக்கும் பொதுவாகப் போட்டது. இதில் பெரிய கரெண்ட் எடுக்கும் சுருள் சுற்றுவதில்லை, நிலையாக நிற்கிறது. சுற்றுகிற ரோட்டருக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போனால் போதும். அதனால் வேகமாகச் சுற்றலாம், ஐட்லிங்கிலேயே சார்ஜ் ஏறும். கரெண்ட் திரும்ப வடிவதை டயோடே தடுத்துவிடும், கட்-அவுட் காயிலும் வேண்டாம். லூக்காஸும் அறுபதுகளில் ஆல்டர்னேட்டருக்கு வந்து, பிறகு ரெகுலேட்டரையும் அதன் முதுகுக்குள்ளேயே வைத்துவிட்டது.

நம் ஊரில் இந்தக் கதையின் அடுத்த இடம் பாடி. 1961-ல் லூக்காஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கினார்கள். அதன் பிறகு பர்மிங்ஹாம் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. அந்தப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயரே லூக்காஸ்தான். அந்தப் பேரில் ஒரு ஆங்கிலேயர் இருந்தார் என்று அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சரி, நண்பர் வண்டிக்கு வருகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் வண்டியில் ஹாலஜன் ஹெட்லைட் போட்டார். 55 வாட் இரண்டு, அதுவே 9 ஆம்பியர். கூட இரட்டை ஹாரன், செல்போன் சார்ஜர், சின்ன ஃபேன். இக்னிஷனுக்கு ஒரு நாலு ஆம்பியர். பழைய டைனமோ திணறியது. ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாம் என்று சொன்னவன் நான். மின் வாரியத்தில் எண்ணூர் அனல் நிலையத்திலும், 1994-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்ததிலிருந்து இங்கே அத்திப்பட்டு வடசென்னை அனல் நிலையத்திலும் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவன் என்ற தைரியம். அவர் ரொம்ப யோசித்தார். "அப்பா இருந்தா ஒத்துக்க மாட்டார் சார்" என்றார். கடைசியில் என் பேச்சுக்கு ஒப்புக்கொண்டார்.

புதுப்பேட்டையில் ஒரு நல்ல ஆல்டர்னேட்டர் கிடைத்தது, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகை. பிராக்கெட் அடித்துப் பொருத்தினோம். வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி மாட்டிய நொடியில் டயோடு எல்லாம் புகைந்துவிடும். பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் மாற்றினோம். செல்ஃப் மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. அதில் ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருப்பதால் எப்படிக் கரெண்ட் கொடுத்தாலும் அதே பக்கம்தான் சுற்றும். யாரோ எப்போதோ டாஷ்போர்டில் வைத்திருந்த 30 ஆம்பியர் அம்மீட்டரையும் எடுத்துவிட்டேன். வண்டியின் மொத்தக் கரெண்டும் அதன் வழியாக ஓடும். புது ஆல்டர்னேட்டரின் கரெண்டை அது தாங்காது, தீப்பிடிக்கும். அதை எடுத்தது சரி. அந்த இடத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வைக்காமல் விட்டதுதான் தப்பு. சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வேறு சாட்சி வைக்காத மாதிரி.

எட்டு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு நண்பருக்கு கண்புரை. ராத்திரியில் மீட்டர் தெரியவில்லை என்றார். டாஷ்போர்டில் இருந்த சின்ன பல்புகளையெல்லாம் எல்.இ.டி.யாக மாற்றிக் கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது. அக்கா காபி கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. எப்போதும் அல்ல. நண்பர் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அவர் மாப்பிள்ளை ஓட்டினால் நின்றுவிடும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கத்து ரோட்டில் மணிக்கணக்கில் வரிசையாக நிற்பது தெரியும்தானே. ஒரு ராத்திரி மாப்பிள்ளை, மகள், இரண்டு குழந்தைகளோடு அந்த வரிசையில் மாட்டிக்கொண்டார். ஹெட்லைட் மங்கி, என்ஜின் இருமி நின்றது. செல்ஃப் எடுக்கவில்லை. முன்னும் பின்னும் டிரெய்லர். இருட்டில் விளக்கில்லாத ஒரு கறுப்புக் கார். லாரி டிரைவர்கள் நாலு பேர் இறங்கித் தள்ளி ஓரம் கட்டினார்கள்.

"வண்டியை மதிக்கத் தெரியலை" என்று நண்பர் மாப்பிள்ளையைச் சொன்னார். மாப்பிள்ளை பதில் பேசவில்லை, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மூன்று மாசம் அந்த வீட்டுக்கு வரவில்லை. இதற்கிடையில் ஒரு எலெக்ட்ரீஷியன் பேட்டரி போச்சு என்றார், புதுசு வாங்கினார்கள். இன்னொருவர் ரெகுலேட்டர் என்றார், அதையும் மாற்றினார்கள். நான் இரண்டு தடவை மல்டிமீட்டரோடு போனேன். நண்பர் ஸ்டார்ட் செய்வார், நான் பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன், 14.2 வோல்ட். கச்சிதம். "மாப்பிள்ளை ஏதோ லைட்டைப் போட்டுட்டு மறந்துடறாரு" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பேட்டரி, ஃபேன் பெல்ட், எர்த் என்ற வரிசையில் பார்ப்பது வழக்கம். பெல்ட் விறைப்பாக இருந்தது. உப்புக் காற்று ஊராயிற்றே, எர்த் கனெக்‌ஷன் பச்சை பூத்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, விளக்கெல்லாம் போட்டு, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தேன், 0.1 வோல்ட்கூட இல்லை. பிளஸ் பக்கமும் அப்படியே. எல்லாம் சரி, ஆனால் வண்டி நிற்கிறது.

வண்டியை விற்றுவிட முடிவு செய்து அட்வான்ஸும் வாங்கிவிட்டார். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனபோது அவருக்கு முட்டி வலி. "நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். நான் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்கி வந்து மீட்டரை வைத்தேன். 12.1. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 12.1-தான், மெல்ல இறங்குகிறது. போய் ஆக்சிலேட்டரை மிதித்தேன், வேகம் ஏறியது, திடீரென்று 14.2. காலை எடுத்தேன், ஐட்லிங்கிலும் 14.1. என்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். 12.1.

எனக்கு உடனே பவர் ஹவுஸ் ஞாபகம் வந்தது. பெரிய ஜெனரேட்டர் தன் காந்தத்துக்கு வேண்டிய கரெண்டைத் தன் உற்பத்தியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உற்பத்தி ஏது? அதனால் முதல் சில நொடிகளுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் டிசி கொடுப்போம். வோல்டேஜ் எழுந்ததும் பிரித்துவிடுவோம். ஃபீல்டு ஃபிளாஷிங் என்று பெயர். எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தது.

கார் ஆல்டர்னேட்டருக்கும் இதே கதைதான். அதன் இரும்பில் தங்குகிற காந்தம் ரொம்பச் சொற்பம். டயோடைத் தாண்டக்கூட அதன் வோல்டேஜ் போதாது. அதனால் அந்த முதல் கடனை பேட்டரியிலிருந்து வாங்கிக் கொடுப்பது டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு சார்ஜிங் லைட். சாவியைத் திருப்பினால் பேட்டரி, பல்பு, ரோட்டர் என்று கரெண்ட் போகும், பல்பு எரியும். 2.2 வாட் பல்பு என்றால் கிட்டத்தட்ட 0.2 ஆம்பியர். அது போதும். ஆல்டர்னேட்டர் எழுந்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆகி அணைந்துவிடும். நாம் அதை எச்சரிக்கை விளக்கு என்று மட்டும் நினைக்கிறோம். இந்த வகை ஆல்டர்னேட்டரில் அதுதான் ஃபீல்டு ஃபிளாஷிங். இப்போது வருகிற சில வகைகள் இந்த விளக்கை நம்பி இல்லை, அது வேறு.

சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பார்த்தேன். சிவப்பு எரியவில்லை.

அதில் இருந்தது நான் போட்ட எல்.இ.டி. சாதாரண பல்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. எல்.இ.டி. என்பதே ஒரு டயோடு, ஒரு பக்கம்தான் விடும். மீட்டர் விளக்குகளுக்கெல்லாம் சரியாக உட்கார்ந்தது, சார்ஜிங் லைட் ஹோல்டரில் மட்டும் ஒயர் தலைகீழாக இருந்திருக்கிறது. துளி கரெண்டும் போகவில்லை. நேராக இருந்திருந்தாலும் எல்.இ.டி. விடுகிற கரெண்ட் ரோட்டருக்குப் பத்தியிருக்காது. நான் பல்பு மாற்றிய அன்று என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு அணைந்திருந்தது. அணைந்திருந்தால் நல்லதுதானே என்று மூடிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் இண்டிகேஷன் லாம்ப் டெஸ்ட் பட்டனை தினமும் அமுக்கிப் பார்த்த ஆள் நான்.

நண்பர் ஓட்டியபோது ஏன் சார்ஜ் ஆனது என்பதும் புரிந்தது. டைனமோ காலத்துக் கால் அவருடையது. ஸ்டார்ட் செய்ததும் பழக்கத்தில் ஒரு மிதி. அந்த வேகத்தில் சொற்பக் காந்தமே போதுமானதாகி ஆல்டர்னேட்டர் எழுந்துவிடும். மாப்பிள்ளை புதுக் கார் ஓட்டிப் பழகியவர். சாவியைத் திருப்பி, மெதுவாக, பழைய வண்டியாயிற்றே என்று மரியாதையோடு எடுத்துக்கொண்டு போனவர். லாரி வரிசையில் டீசன்டாக என்ஜினை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே சுற்றியிருக்கிறது. ஹெட்லைட் பூராவும் பேட்டரியைத்தான் குடித்திருக்கிறது.

மீஞ்சூரில் ஒரு கடையில் 2.2 வாட் பல்பு வாங்கி வந்து, ஒயரோடு ஒட்டிப் பார்த்துப் போட்டேன். சாவி, சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட், ஆக்சிலேட்டரைத் தொடவில்லை, சிவப்பு அணைந்தது. 14.1.

நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த பல்பைப் போட்டது யார் என்பதையும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப மூணு மாசமா நான் திட்டினது உங்களை" என்றார். ஆமாம் என்றேன். "மாப்பிள்ளைகிட்ட நான் பேசறதா, நீங்க பேசறீங்களா?" என்று கேட்டார். இரண்டு பேருமே போனோம். ஆஸ்டினில்தான் போனோம், கதிவாக்கம் வழியாகத் திருவொற்றியூர். எண்ணூர் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பது அவர் வழக்கம், அன்றும் அடித்தார். திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஓட்டினார். சாவியைத் திருப்பியதும் "சிவப்பு எரியுதா மாப்பிள்ளை?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார் நண்பர்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கழற்றிய பழைய டைனமோ கோணிச் சாக்கில் சுற்றி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் எடுத்து ஒரு சின்ன ஆணியை உள்ளே இரும்பின் பக்கம் கொண்டுபோனோம். லேசாக இழுத்தது.